சிவாசா பெயர் போட்ட அண்டா

சுவாயின் கட்டிலுக்கு அடியில் ஒரு கல்யாண வீடே ஒளிந்திருந்தது. அண்டாக்கள், அண்டாவுக்குள் குண்டான்கள், குண்டானுக்குள் எனாமல் தட்டுகள். அதே கட்டிலில் குறட்டை விடும் கணவன் ஃபாரிகாய்க்கு மட்டும் அது தெரியாது. தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். வீட்டில் எதற்கும் குனிகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. கையில் காசு தங்கியதில்லை, அவ்வளவுதான். காடை முட்டை தின்றால் சர்க்கரை வியாதி முதல் மாமியார் தொல்லை வரை தீரும் என்று மசுவிங்கோ ஊரே நம்பிய வருஷம், சுவாயின் தையல் மெஷினை விற்றுக் காடை வாங்கினான். ஊர் தெளிந்ததும் அத்தனை காடையையும் வீட்டார்தான் தின்று தீர்த்தார்கள். "காடைக்கு மறுபடி ஒரு காலம் வரும்" என்று கூண்டை மட்டும் கொல்லையில் பத்திரமாக வைத்திருந்தான். அடுத்து தேனீ வளர்த்தான். தேனீக்களுக்குப் புத்தி இருந்தது, ஒரே வாரத்தில் வீட்டைவிட்டுப் போய்விட்டன.

சுவாய்க்கு அந்தப் புத்தி வர மகள் விம்பாய் வளர்ந்து நர்ஸ் படிப்புக்கு ஹராரே போகவேண்டியிருந்தது. அதன்பின் ஒருநாள் தக்காளிக் கூடையை மூடி வைத்துவிட்டு, கோர்ட்டை ஒட்டிய இலவசச் சட்ட உதவி அறைக்குப் போனாள். விவாகரத்து மனு என்றதும், அங்கிருந்த பெண் பேனாவையே தொடவில்லை.

"மனு எங்க ஓடிடப் போகுது அக்கா? முதல்ல கால் ஊன்ற இடம் பாருங்க. உங்க பேர்ல சிம், உங்க பேர்ல ரசீது, கையில மூணு மாச வாடகை. அப்புறம் வாங்க, எழுதலாம்."

"பணமா வெச்சா அவர் மோப்பம் பிடிச்சுக் கோழிப்பண்ணை போட்டுடுவாரே."

"அப்ப சட்டி பானையா வையுங்க. பொண்டாட்டி பானையில எந்த ஆம்பளை கை வெப்பான்?"

வாஸ்தவம். நிலம் அவனுடையது, மாடு அவனுடையது. ஆனால் அடுப்படிப் பாத்திரம் பெண்ணுடையது. அதில் கை வைத்தவன் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது. அதுவுமில்லாமல் இந்த நாட்டில் பணம் உடையவனுக்கு முன்னாடியே செத்துவிடும், அண்டா சாகாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாடகைக்கு விட்டால் சோறும் போடும். தக்காளிக் காசில் ஒவ்வொன்றாக வாங்கி, அடியில் சிவப்பு நகப்பூச்சால் பெயர் எழுதினாள். பழைய பாத்திரங்களில் இருப்பதுபோல 'விம்பாய் அம்மா' என்றல்ல. தன் அப்பா பெயர், 'சிவாசா'.

பாக்கி ஒன்றுதான். ஊர் வழக்கப்படி, பிரிகிற கணவன் தன் மனைவியின் கையில் கொடுக்கிற காசு. அது இல்லாமல் போனால் கோர்ட்டே விடுவித்தாலும் பிறந்த வீட்டில் 'இன்னும் அவன் பொண்டாட்டிதானே' என்பார்கள். அந்த ஒற்றைக் காசை வருஷக்கணக்கில் இழுத்தடித்த ஆண்கள் உண்டு. அதை எப்படிக் கேட்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் செத்துப்போனார். எங்கள் தெருவில் சாவு என்றால் முதலில் கிளம்புவது பாத்திரம், அழுகை பிறகுதான். செத்தவனுக்கு அண்டா இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஃபாரிகாய் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சுவாயின் பாத்திரங்கள் போயின. எல்லாம் திரும்பி வந்தன, இருப்பதிலேயே பெரிய அண்டாவைத் தவிர.

சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு அதற்குத்தான் முன்பணம் வாங்கியிருந்தாள். அதை நம்பித்தான் ஒரு வாடகை அறைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தெருவில் சத்தம் போட்டுத் தேடினால் ஃபாரிகாய் காதுக்குப் போய்விடும். அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னாச்சு, விம்பாய் அம்மா?" ஃபாரிகாய் வாசலில் நின்றான்.

"என் அண்டா தொலைஞ்சு போச்சு."

"நம்மகிட்ட ஏது அண்டா?"

அவள் கட்டில் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"சரி, அடையாளம் சொல்லு."

"அடியில சிவப்பா பேர் எழுதியிருக்கும், சிவாசான்னு."

அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அண்ணன் தம்பிகளைக் கூட்டி வருவான், பஞ்சாயத்து வைப்பான். மத்தியானம் சோளமாவில் சட்ஸாக் களி கிண்டினாள், தொடாமலே மூடி வைத்தாள்.

சாயங்காலத் தூறலில் தெருக்கோடியில் ஓர் அண்டா இரண்டு காலோடு நடந்து வந்தது. ஆண்பிள்ளை தலையில் அண்டா! பின்னால் தெருப் பிள்ளைகளின் சிரிப்பு ஊர்வலம்.

"இறக்கி விடு. கழுத்து உள்ள போயிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா மாத்தி எடுத்துட்டுப் போய், அதுல கோழிய அடை வெச்சிருக்கா. அவ உடனே சரின்னுட்டா, கோழிதான் ஒத்துக்கல." சட்டென்று கையை உயர்த்தினான். "சத்தியமா கோழிய விலை கேக்கல."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"வீட்டுக்கு வீடு கேட்டாங்க, சிவாசா யாருன்னு. என் பொண்டாட்டியோட அப்பான்னு சொன்னேன். முதல் வீட்ல சும்மாதான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிடுச்சு, நீ கிளம்பப் போறன்னு."

இந்த நாளுக்கென்று அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "உங்க மேல கோவமில்ல, விம்பாய் அப்பா."

"தெரியும். கோவமா இருந்தா பாத்திரம் பறக்கும். நீ அடுக்கியில்ல வெச்சிருக்க."

ஈரச் சட்டைப்பையைத் துழாவினான். "காடைக் கூண்டை வித்துட்டேன். போற வழியில ஒரு ஏமாந்தவன் கெடச்சான், நாளைக்கு வந்து எடுத்துக்குவான். இந்த நோட்டு உன் வாடகைக்கு." பிறகு, தனியாக, ஒரு ராண்டு காசை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "நீ கேட்டப்புறம் குடுத்தா, அது குடுத்ததா ஆகாது."

காசு சூடாக இருந்தது. வழியெல்லாம் பொத்திப் பிடித்தே வந்திருப்பான்.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்குக் கையெழுத்துப் போட வரேன்" என்றான். "பஸ் காசு மட்டும் நீ..."

"தரேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குண்டானை இழுத்தாள். ஒரு ஆளுக்குச் சட்ஸா கிண்டுகிற அளவு. கவிழ்த்து வைத்து, நகப்பூச்சைத் திறந்து, 'ஃபாரிகாய்' என்று எழுதினாள்.

"இதை விக்கக்கூடாது."

"பேரை எழுதிட்டியே, இனி எவன் வாங்குவான்?"

சொல்லிவிட்டு, பூச்சு சீக்கிரம் காயட்டும் என்று, குனிந்து மெதுவாக ஊதினான்.