வெடிக்காத பீரங்கி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது நானாக எழுத வந்த கதை இல்லை. பிரான்சின் துறைமுக ஊரான சேன் மாலோவில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு விழா மலர் போடுகிறார்கள். முப்பத்தொரு* ஆங்கிலக் கப்பல்களைப் பிடித்த கேப்டன் ஜோஸ்லன் கெமனேரின் வீரத்தைப் பற்றி நாலு பக்கம் வேண்டுமாம். அவர் வம்சத்தில் வந்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்படி ஆரம்பித்தேன்:

'1746. சீறும் கடலைக் கிழித்துக்கொண்டு, புலியைப் போல—'

[அடித்துவிட்டேன். அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது, லேசான மூடுபனி என்று அவருடைய நாட்குறிப்பே சொல்கிறது.]

அதே பக்கத்தில் இன்னொரு வரி: 'பீரங்கி வெடிக்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி.' சண்டைக்குப் போனவர் இதற்கா நன்றி சொல்வார்? விழா மலர் கிடக்கட்டும் என்று அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன்.

* முப்பத்தொன்று என்பது தெருவில் சொல்வது. நாட்குறிப்பில் ஒன்பதுதான் இருக்கிறது.

2

ஜோஸ்லன் கொள்ளைக்காரர் இல்லை. எதிரிக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று அரசர் கொடுத்த சீட்டை வைத்திருந்தவர். பொய்க் கொடி கட்டிக்கொண்டு எதிரியை நெருங்குவது எல்லாக் கேப்டன்களும் செய்வதுதான், தப்பில்லை. ஆனால் முதல் குண்டுக்கு முன்னால் சொந்தக் கொடி ஏறியாக வேண்டும். பொய்க் கொடியின் கீழ் சுட்டால் அது கடற்கொள்ளை. சீட்டு வெறும் காகிதமாகிவிடும், ஆளுக்குத் தூக்கு.

அன்று டென்மார்க் கொடியோடு ஓர் ஆங்கிலச் சரக்குக் கப்பலை நெருங்கினார். பின்னாலேயே எங்கள் ஊர் லூர்மெல்லின் கப்பலும் பாய் விரித்து வந்தது. அவன் முந்திக்கொள்வானோ என்று ஜோஸ்லனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கேப்டன், கொடி," என்றான் பீரங்கிக்காரன் துக்துவால்.

"திரிய வை."

"கொடிய இன்னும் மாத்தல, கேப்டன்."

"அந்த லூர்மெல் பய தட்டிட்டுப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வைடா."

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இருபது வருடம் கடலில் கிடந்தவருக்கு இது மண்டையில் ஏறாமல் போகுமா? போகும். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிறவன்.]

துக்துவால் திரியை வைத்தான். புஸ்ஸென்று கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான்.

அவனைத் திட்டுவதற்காகத் திரும்பிய ஜோஸ்லனின் கண்ணில் டென்மார்க் கொடி பட்டது. கூப்பிடு தூரத்தில் லூர்மெல், சொந்த ஊர்ச் சாட்சி. அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கழுத்தைத் தடவித் தடவிச் சிரித்தார். அதற்குள் சரக்குக் கப்பலை லூர்மெல் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

3

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று, மூடுபனியில் வெடிமருந்து தானாக நனைந்திருந்தது.

இன்னொன்று, துக்துவால் எச்சில் தொட்ட கட்டைவிரலை மருந்தில் நன்றாக அழுத்திவிட்டுத்தான் திரியை வைத்தான்.

"மருந்து நனைஞ்சிருந்துதா?" என்று ஜோஸ்லன் கேட்டார்.

"கடல்ல எதுதான் காஞ்சு கெடக்கு, கேப்டன்?"

[இருவரும் கண்கலங்கிக் கட்டி— வேண்டாம். அவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை.] அன்றிலிருந்து கேப்டனின் ஆப்பிள் மது ஜாடியில் முதல் குவளை துக்துவாலுக்குப் போனது, அவ்வளவுதான் தெரியும்.

வீட்டில் மனைவி பெரின் கேட்டாள்: "வெறுங்கையோடவா வந்தீங்க?"

"கழுத்தோட வந்திருக்கேன்."

அவள் ஒன்றும் புரியாமல் அடுப்பில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவர் ஏழு ரொட்டி தின்றார். எழுதும்போது எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பனியா, கட்டைவிரலா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிடிக்காவிட்டால் வேறொன்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பீரங்கியை மட்டும் வெடிக்க வைத்துவிடாதீர்கள். ஜோஸ்லனுக்கும் பெரினுக்கும் தலைப்பிள்ளை மறுவருடம்தான் பிறந்தது.