கடந்து போகாதவர்

உச்சி சாய்ந்த வெயில், உருக்கிய பித்தளையை ஊற்றினாற்போல் ஊரின்மேல் வழிந்துகொண்டிருந்த வேளை அது. நீண்டு கிடந்த நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கடைகள் பாதிக் கதவடைத்துக் கண்ணயர்ந்திருக்க, சுவர்தோறும் ஒரே முகம், எட்டாம் முறையாகப் புதிய வண்ணம் பூசப்பெற்று, உயர்த்திய கையோடு போவார் வருவாரை எல்லாம் நோக்கி நகைத்துக்கொண்டிருந்தது. கற்றறிந்தோரே, அம்முகத்துக்கு உரியவர் அதே சாலையில், சீருந்தின் பின்னிருக்கையில், சட்டைப் பைக்குள் மடித்து வைத்த ஒற்றைத் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி சென்றுகொண்டிருந்தார். தேர்தலினின்று தாம் விலகுவதாக அவர் கைப்பட எழுதிய தாள் அது. பிற்பகல் மூன்று மணிக்குள் அதனைத் தேர்தல் அலுவலரிடம் சேர்த்துவிட்டால் அவர் விடுபட்டவர். பிந்திவிட்டாலோ அவர் பெயர் வாக்குச்சீட்டில் ஏறிவிடும். ஏறிய பெயர் தோற்பதை அவ்வூர் அறியாது.

முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தார். மூன்றாம் வரிசையில் நான்காம் இருக்கை அவர் உடலின் அளவுக்கே குழிந்துபோயிருந்தது. அத்தனை ஆண்டும் ஊரில் வீட்டைக் காத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு வலக்கண் முன்னரே இருண்டுவிட்டது. இடக்கண்ணில் எஞ்சிய ஒளியும் ஓராண்டைத் தாண்டாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அன்று அவ்வம்மையார் அழவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா உங்க முகத்தைச் சுவத்துலதான் பார்க்கறேன். பார்வை இருக்கறவரைக்குமாவது வீட்டுல பார்த்துக்கறேனே," என்று மட்டும் சொன்னார்.

இனி நிற்பதில்லை என்று கணவர் வாக்களித்தார். ஆயினும் வேட்புமனு நாளன்று, அவருக்குப் பத்தாண்டு மூத்தவரும் ஊராரால் பெரியவர் எனப்பட்டவருமான அண்ணன், தாளையும் எழுதுகோலையும் அவர்முன் வைத்து, "நம்ம வீட்டு ஆள் இல்லாத சபையில அப்பா பேரை யாரு சொல்லுவா?" என்று கேட்டபோது, அண்ணன் முகம் பார்த்து மறுத்தறியாத தம்பி தலைகுனிந்து ஒப்பமிட்டுவிட்டார். அதன்பின் ஒன்பது நாள் மனைவி பேசவில்லை. பத்தாம் நாளாகிய இன்று காலை, விலகிவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லி, பிற்பகலில் புறப்பட்டார். விலகும் தாளை வேட்பாளரோ அவரை முன்மொழிந்தவரோதான் கொடுக்கலாம் என்பது விதி. முன்மொழிந்தவர் அண்ணனே ஆதலின், தாமே செல்வதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

அக்குடும்பத்துக்கு ஒரு நெறி உண்டு. இவர்தம் தந்தையாரும் அதே மன்றத்தில் இருந்தவர். மழைநாள் ஒன்றில், நனைந்த தாளை உயர்த்திப் பிடித்தபடி சாலையோரம் நின்ற ஒருவனை அவர் விரைவினாற் கடந்து போய்விட்டார். பாலத்தின் தூண் வெடித்திருக்கிறது என்பது அத்தாளின் செய்தி. மூன்றாம் நாள் பாலம் விழுந்து நால்வர் மாண்டனர். அதன்பின் தந்தையார் தேர்தலில் நிற்கவில்லை. கையில் தாளோடு நிற்பவரைக் கடந்து போகலாகாது என்று மைந்தர் இருவரிடமும் வாக்குப் பெற்றுக்கொண்டு கண்மூடினார். அவ்வாக்கினின்று இளையவர் ஒருநாளும் பிறழ்ந்ததில்லை. சீருந்தை நிறுத்தி, இறங்கி, முதலெழுத்து முதல் கடையெழுத்து வரை படித்து, அடியில் "ஆவன செய்க" என்றெழுதி ஒப்பமிட்டுத் தருவார். 'நின்றுபோவார்' என்பதே ஊரார் அவருக்கு இட்ட பெயர்.

முதல் திருப்பத்தில் ஒருவர் தாளோடு நின்றார். இரண்டாம் திருப்பத்தில் மற்றொருவர். மூன்றாவதாக நின்றவர் ஒரு கொத்தனார். அவர் தாளைப் படித்த உறுப்பினர் மெல்ல நிமிர்ந்தார்.

"தெருவிளக்கு வேணும்னு எழுதியிருக்கு. உங்க தலைக்கு மேல இருக்கறது என்னங்க?"

கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். "அட, ஆமாங்க. துணைக்கு இன்னொண்ணு இருந்தா நல்லதுதானே."

"யாரு எழுதிக் குடுத்தது?"

"பெரியவருங்க. பன்னெண்டு மணியிலேருந்து நிக்கறேன். சட்டுனு கையெழுத்துப் போட்டீங்கன்னா நிழலுக்குப் போயிடுவேன்."

சீருந்து நகர்ந்ததும் ஓட்டுநர் கண்ணாடி வழியே பின்னே பார்த்தார். "ஐயா, மணி ரெண்டேகால். பெரியவர் வழி நெடுக ஆள் நட்டு வெச்சிருக்காரு போல. நீங்க கண்ணை மூடிக்குங்க, நான் நிக்காம போயிடறேன்."

"நான் மூடினாலும் நீ பார்ப்பியேப்பா."

"நான் என்ன எம்மெல்லேவா, ஐயா? நான் பார்த்தா கணக்குல வராது."

உறுப்பினர் சிரித்தார், சிரித்தபடியே கண்ணை மூடவும் செய்தார். ஆனால் வலைப்பட்ட மான் ஓடுந்தோறும் கயிறு இறுகுவதுபோல், மூடிய கண்ணுக்குள் நனைந்த தாள் ஒன்று உயர்ந்து உயர்ந்து தோன்ற, நாற்பது அடி போவதற்குள் "நிறுத்து" என்றார். அங்குத் தாளோடு நின்ற நான்காமவரும் அண்ணன் அனுப்பியவரே. ஐந்தாமவரும் அவ்வாறே. எது பொய்த்தாள், எது மெய்த்தாள் என்பது படித்து முடித்தபின் அன்றித் தெரியாது. அத்தெரியாமையே அவரைப் பிணித்த தளை.

அலுவலகத்தின் மாடி கண்ணுக்குத் தெரியும் தொலைவில், இரண்டே முக்காலுக்கு, ஆறாவதாக ஒரு பெண் நின்றாள். பள்ளி ஏட்டிலிருந்து கிழித்த தாள். அவள் கணவன் மருத்துவமனை நடைவழியில் மூன்று நாளாகத் தரையில் கிடக்கிறான், மூச்சு வாங்குகிறது, கட்டில் இல்லை என்கிறார்கள். உறுப்பினர் கையிலிருந்த மணிகாட்டியைப் பார்த்தார். பின்னர் அதனை நோக்காமல், மருத்துவமனைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் இணைப்பில் வரும்வரை காத்திருந்து, கட்டில் எண்ணைக் கேட்டு அவள் தாளிலேயே குறித்துக் கொடுத்தார். அவளை அவ்விடத்தில் நிறுத்தியவர் எவருமிலர்.

அவர் படியேறியபோது மூன்று மணி கடந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

தேர்தல் அலுவலர் எழுந்து நின்றார். "மன்னிக்கணும் ஐயா. பட்டியல் ஒட்டியாச்சு. உங்க தாளை வாங்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை."

வெளித் தாழ்வாரத்தில் பெரியவர், வளையாத முதுகோடு, கைத்தடியை முழங்காலின்மேல் கிடத்தி அமர்ந்திருந்தார்.

"நீங்கதானே அண்ணே ஆளுங்களை நிக்க வெச்சது?"

"ஆமா. அஞ்சு பேரை நிக்க வெச்சது நான். வண்டியை விட்டு எறங்கினது நீ. கடந்து போயிருக்கலாமே தம்பி, எவன் தடுத்தான்?"

தம்பி தம் தாளை மடித்து மீண்டும் சட்டைப் பைக்குள் வைத்தார். அண்ணன் எழுந்து அவர் தோள்மேல் கை வைத்தார். "அப்பா பேரைக் காப்பாத்திட்டே. வீட்டுக்குத் தகவல் சொல்லிட்டேன்," என்றார். அந்தக் கையின் கனம் வீடு சேரும்வரை தோளினின்று இறங்கவில்லை.

வீட்டு வாயிலில், கம்பிக் கதவுக்கு வெளியே, அம்மையார் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. உந்து நின்றது.

"ரோட்டுல நிக்கறவங்களுக்கு மட்டுந்தானா, வீட்டு வாசல்ல நிக்கறவங்களுக்கும் உண்டா?" என்று கேட்டார் அவர்.

உறுப்பினர் இறங்கித் தாளை வாங்கினார். பார்வை குன்றியவர் எழுத்தாதலின், பெரிது பெரிதாக, வரிகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 'என் கண்ணில் இன்னும் கொஞ்ச நாள்தான் வெளிச்சம் இருக்கும் என்கிறார்கள். அந்த நாளில் என் கணவரை என்னோடு இருக்க விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.' யாருக்கு என்று மேலே குறிக்கப்படவில்லை.

முதலெழுத்து முதல் கடையெழுத்து வரை அவர் படித்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பழகிய கை, நெஞ்சின் ஏவலுக்குக் காத்திராமல் எழுதுகோலை எடுத்தது, "ஆவன செய்க" என்று எழுதியது, ஒப்பமிட்டது. எழுதி முடித்த பின்னரே தாம் எழுதியதை அவர் கண்டார்.

அம்மையார் தாளைத் திரும்ப வாங்கி, இடக்கண்ணுக்கு ஒரு விரற்கடை தொலைவில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"சரிங்க," என்றார். "இதை யாருகிட்டக் கொண்டுபோய்க் குடுக்கணும்?"

ஒரு தொகுதியின் குறைகளையெல்லாம் நின்று கேட்டவர், திறந்த எழுதுகோலோடு அங்கேயே நின்றார். எதிர்ச்சுவரில் அவருடைய முகம், உயர்த்திய கையோடு, வீட்டை நோக்கி நகைத்துக்கொண்டிருந்தது. அதனை அம்மையார் பார்க்கவில்லை. அவ்வளவு தொலைவு அவர் கண்ணுக்கு இப்போது எட்டுவதில்லை.