முந்திப் புறப்பட்ட பெட்டி

1

இந்தக் கதை பிறந்ததற்கு ஒரு தகரப் பெட்டிதான் காரணம். மேலகரத்தில் ஒரு வீட்டில் பூட்டிக் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன். "போறவன் இன்னும் போவல" என்றாள் வீட்டுக்காரி. அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'1965, ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவியில்…'

(வேண்டாம். அருவியைத் தொட்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். இவனுக்கோ குளிக்கக்கூட மனமில்லை.)

இவன் பால்வண்ணநாதன், தென்காசி, பி.காம். கல்கத்தாவில் வணிக நிர்வாகம் சொல்லித்தரும் புதுக் கல்லூரிக்கு மனுப் போட்டான். உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வெயிட்டிங் லிஸ்டில் போட்டுவிட்டார்கள். யாராவது சேராமல் போனால் இவனுக்குத் தந்தி வரும்.

"யாவாரம் படிக்கதுக்கு ஒரு காலேஜா? அதுக்கும் காத்துக் கெடக்கணுமா?" என்றார் அப்பா குற்றாலிங்கம் பிள்ளை. மளிகைக் கடைக்காரர். ஆனால் நல்ல நாள் பார்ப்பதில் கறார். அன்றைக்கே புறப்பட முடியாதவர்கள் நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பரஸ்தானம் என்று பெயர். பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். மகனின் நல்ல சட்டைகளையும் சர்டிபிகேட்டுகளையும் பெட்டியில் பூட்டி, மேலகரத்தில் தன் தங்கை குழல்வாய்மொழி வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

(இரண்டொரு நாளில் கிளம்புகிறவர்கள் செய்வது அது. கிளம்புவோமா என்றே தெரியாதவனுக்கு யாராவது செய்வார்களா? அவர் செய்தார்.)

3

பழைய வேட்டியோடு பால்வண்ணநாதன் தபால் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடக்கிறான். தந்திக்காரரின் சைக்கிள் வேறு தெருவுக்குத் திரும்பினால் இவனுக்குச் சோறு இறங்குவதில்லை. ஓரிடத்தில் உட்காரவைத்து எழுதிப் பார்த்தேன். எழுந்து போய்விட்டான்.

இவன்மேல் எனக்கு ஒரு சந்தேகம். படிக்கத்தான் ஆசையா, மளிகைக் கடையிலிருந்து தப்பிக்கவா? கேட்டால்… (கேட்கவில்லை. பாவமாக இருந்தது.)

4

இதற்கிடையில் உள்ளூர் பாங்கு ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்தவனைக் கூப்பிடுவார்கள். (ஆமாம், அங்கேயும் ஒருவன் காத்திருக்கிறான். அவன் பெட்டி எந்த வீட்டிலோ!)

ஞாயிறு சாயந்தரம் மேலகரம் போனான்.

"அத்தை, பெட்டியத் தொறக்கணும்."

"ஏலே, தொறந்தா பயணம் நின்னு போவும்லா?"

"பயணம் எங்க இருக்கு? நாளைக்குப் போவலைன்னா இந்த வேலையும் போயிரும்."

"நாளைக் கழிச்சு தந்தி வந்தா என்னலே செய்வ?"

மடியிலிருந்த பெட்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். நான் முடிவை எழுதிப் பார்த்தேன்.

5

முடிவு ஒன்று: வாசலில் சைக்கிள் மணி… (கோடு போட்டு அடித்துவிட்டேன். சினிமாத்தனம்.)

முடிவு இரண்டு: திறக்கிறான். பாங்கில் சேர்கிறான். தலை நரைத்த பிறகும் தெருவில் மணி கேட்டால் எழுந்து… (எழுத மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: பூட்டியபடியே விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி… (இது அதைவிட மோசம்.)

கடைசியில் அத்தைதான் வழி சொன்னாள். "நீ தொறக்காத. நானும் தொட மாட்டேன். அந்நிய ஆளு யாராவது தொறந்தா தோஷமில்லலே."

சாவியை என் பக்கம் நீட்டினான். நான் எப்படி அந்நியன் ஆவேன்? இவனைப் பெற்ற பாவி நான். என்னால் முடியாது.

நீங்கள் ஒருவர்தான் இங்கே வெளியாள். விடிந்தால் திங்கட்கிழமை. சாவியை நீட்டியபடி உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.