முட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர்

நதீராவின் கம்ப்யூட்டர் ஓடியதே ஓர் அதிசயம். சூடேறினால் அணைந்துவிடும் என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதற்குத் திருப்பி வைத்திருந்தாள். திரையின் வயர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் படம் தெரியும். அதற்கொரு தடித்த புத்தகம் முட்டு. போதாக்குறைக்கு, கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது நேரத்தை மறந்து பல வருடங்கள் பின்னால் போய்விடும். நேரம் பிழைத்தால் இணையத்தில் ஒன்றும் திறக்காது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கையால் நேரம் வைப்பாள். ஆபத்துக்குப் பாவமில்லை.

அவளுடைய கணவன் முஸ்தாக்கினால் இதைச் சகிக்க முடியவில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் தோணி எஞ்சின் திருத்துகிறவன் அவன். காரணம் தெரியாமல் எதையும் விடமாட்டான்.

“நடுக்கடல்ல எஞ்சின் நிண்டா புத்தகத்தையா புள்ள முட்டுக்குடுப்பாங்க? கழட்டிப் பாத்தாத்தானே ஏன் எண்டு தெரியும்.”

“கிரைண்டரையும் ஏன் எண்டு பாக்கத்தான் கழட்டின நீங்க. அது இன்னும் துண்டு துண்டா பேசினுக்குள்ள கிடக்கு. இப்ப வேணாம், இத மறுகா பாப்பம்.”

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. கம்ப்யூட்டர்தான் ஒன்றே ஒன்று.

லண்டனில் வளரும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்க ஒரு நிறுவனத்தார் ஆள் தேடினார்கள். நதீரா பட்டம் எடுத்தவள். அரசாங்க நியமனம் வரும், வரும் என்று காத்திருந்தே அலுத்துப்போனாள். படித்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்ற பயம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. விண்ணப்பித்தவளுக்குச் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, நாலரை மணிக்கு நேர்முகப் பரீட்சை. ஒரு பிள்ளைக்குப் பாடம் நடத்தியும் காட்ட வேண்டும்.

அன்று பார்த்துக் கரண்ட் போய் வந்தது. நதீரா பதறவில்லை. இணையத்துக்குச் சிக்னல் கிடைப்பதற்காகப் போனை ஜன்னல் உச்சியில் ஏற்றிவைத்தாள். வழக்கம்போல் மணிக்கூட்டைப் பார்த்து, அதில் பத்து நிமிடத்தைக் கழித்து, நேரம் வைத்தாள்.

அந்தப் பத்து நிமிடம் ஒரு குடும்ப இரகசியம். பள்ளிவாசலுக்குப் பிந்திப் போய் ஜமாஅத் தொழுகையைத் தவறவிடுவது முஸ்தாக்கின் பழக்கம். கல்யாணமான புதிதிலேயே அவள் சத்தமில்லாமல் மணிக்கூட்டு முள்ளை முன்னால் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து மனிதர் முதல் வரிசையில் நிற்கிறார். ஏனென்று மட்டும் அவருக்குத் தெரியாது.

ஐந்து நிமிடம் முந்தியே தயாராகிவிட்டோம் என்ற நிம்மதியோடு அவள் அழைப்பைத் திறந்தாள். தங்கேஸ்வரி என்ற நிர்வாகியின் செய்தி காத்திருந்தது. “நேரத்துக்கு நீங்கள் வரவில்லை. அடுத்தவரை அழைத்துவிட்டோம்.”

ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தாள். நாலரை தாண்டிவிட்டது. சுவர் மணிக்கூடும் அதே நேரத்தைக் காட்டியது.

“இஞ்சாருங்க, மணிக்கூட்டத் தொட்டீங்களா?”

முஸ்தாக்கின் முகம் மலர்ந்தது. “கண்டுபிடிச்சிட்டியா? பள்ளி மணிக்கூட்டோட வெச்சுப் பாத்தன் புள்ள. பத்து நிமிஷம் முந்தி ஓடியிரிக்கி. இண்டைக்கி உனக்கு முக்கியமான நாளெண்டு சரியாக்கி வெச்சன்.”

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “அது பழுதில்ல. நீங்க பள்ளிக்குப் பிந்தாமப் போகணும் எண்டு நான்தான் முன்னால தள்ளி வெச்சிருந்தன்.”

“அப்ப இவ்வளவு காலமும் நான்...”

“அத மறுகா கதைப்பம்.”

தங்கேஸ்வரிக்குப் பொய் சொல்லாமல் எழுதினாள்: “வீட்டு மணிக்கூட்டால் பிந்திவிட்டேன். மன்னியுங்கள். கடைசியில் ஐந்து நிமிடம் தந்தாலும் போதும்.” காத்திருந்தாள். கடைசியில்தான் அழைத்தார்கள்.

தங்கேஸ்வரியின் முகத்தில் சிரிப்பில்லை. பக்கத்தில் ஒரு சிறுமி கொட்டாவி விட்டபடி இருந்தாள். நதீரா வாயைத் திறக்கவும் புத்தகம் சரிந்து திரை இருண்டது. முஸ்தாக் மேசைக்கடியில் புகுந்து வயரைச் சாய்த்துப் பிடித்தான். படம் வந்தது.

“இது ஏன் இப்பிடி எண்டு ஒருக்கா...”

“பிடிங்க,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவன் பிடித்தான்.

இப்போது அந்தப் பக்கத்தில் இவள் குரல் கேட்கவில்லை. தங்கேஸ்வரி காதைத் தொட்டுக் காட்டினாள். நதீரா எந்தப் பட்டனையும் தேடவில்லை. பிஸ்கட் பெட்டியொன்றைக் கிழித்து ‘மீன்’ என்று பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையை நெளித்து நெளித்துத் திரையின் குறுக்கே நீந்தவிட்டாள். சிறுமி நிமிர்ந்தாள். “மீன்!” நதீரா கேட்காதவள்போலக் காதில் கைவைத்தாள். பிள்ளை இன்னும் பலமாகக் கத்தினாள். பிறகு வலை, தோணி, நண்டு. நண்டு வந்தபோது சிறுமி கதிரையிலிருந்து இறங்கித் தானே பக்கவாட்டில் நடந்து காட்டினாள்.

முடியும் நேரத்தில் சத்தம் தானாகவே வந்தது.

“காலையில இருந்து எங்கட பக்கம்தான் சத்தம் பிரச்சினை,” என்றாள் தங்கேஸ்வரி. “முந்தி வந்தவங்க எல்லாரும் அதையே தேடிக்கொண்டிருந்தாங்க. பிள்ளை அலுத்து எழும்பிப் போயிட்டா. நீங்க பிள்ளையப் பாத்தீங்க. திங்கக்கிழமை தொடங்குவமா?”

“ஓம்,” என்றாள் நதீரா.

அழைப்பு முடிந்ததும் மேசைக்கடியிலிருந்து சத்தம் வந்தது. “இனி விடலாமா?”

குனிந்து பார்த்தாள். குந்தியிருந்தபடி வயரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான் முஸ்தாக். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

“விடுங்க. இப்ப கழட்டி, ஏன் எண்டு வடிவாப் பாருங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லா ஆணியும் திருப்பிப் பூட்டிரணும்.”

“பூட்டிருவன், இன்ஷா அல்லாஹ்.”

கால் விறைத்துப்போய் அவனால் எழும்ப முடியவில்லை. நதீரா இரண்டு கையையும் கொடுத்து அவனை இழுத்தெடுத்தாள்.