இடது இடுப்பு

சல்லி என்ற எங்கள் கடற்கரைக் கிராமத்தில் ஒருவனுக்கு இடுப்பு நோகிறது என்று வெளியே தெரிந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் நாற்பது வைத்தியர்கள் முளைத்துவிடுவார்கள். ஒருத்தர் வாய்வு என்பார், ஒருத்தர் சுளுக்கு என்பார், இன்னொருத்தர் எண்ணெய்ப் போத்தலோடு வாசலில் வந்து நிற்பார். கிருஷாந்தனுக்கு இரண்டு வருடமாக அந்த வைத்தியமெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது. எண்ணெய் பூசியாயிற்று, பற்றுப் போட்டாயிற்று, பார்மசியில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி வயிறும் புண்ணாயிற்று. கடைசியில் அவன் மனைவி கஜந்தினி பொறுமை இழந்து, அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரியின் எலும்பு கிளினிக்குக்குப் போனாள்.

கிருஷாந்தன் சுழியோடி. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்துக்கு இறங்கி, சங்கும் கடலட்டையும் பொறுக்கி வருகிறவன். வயது முப்பத்தைந்துதான், ஆனால் கிளினிக் வாங்குப் பலகையில் இருந்த கிழவர்களைவிட மெதுவாகத்தான் எழும்பி நடந்தான்.

டொக்டரம்மா எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"கடலால மேல வந்த பிறகு மூட்டு நோகிறதோ?"

"நோகும் டொக்டர். நொந்தா இன்னொரு சிலிண்டரக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்குவம். கீழ கொஞ்ச நேரம் நிண்டா விட்டிடும்."

"ஆர் உங்களுக்கு இதச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது."

டொக்டரம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டார். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும்போது இரத்தத்துக்குள் காற்றுக் குமிழிகள் உண்டாகும், அவை இடுப்பு மூட்டுக்குப் போகும் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களை அடைத்துவிடும், இரத்தம் போகாவிட்டால் எலும்பு செத்துவிடும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். வலது தொடை எலும்பின் உருண்டைத் தலை ஏற்கெனவே அமுங்கிப் போய்விட்டது. அதற்கு எப்போதாவது ஒரு நாள் செயற்கை மூட்டு வைக்கத்தான் வேண்டும். இடது பக்கத்தில் கொஞ்சம்தான் செத்திருக்கிறது, உருண்டை இன்னும் உருண்டையாக இருக்கிறது. அதில் சின்னத் துளை ஒன்று போட்டு உள்ளே இருக்கிற அழுத்தத்தைக் குறைத்தால் எலும்பு பிழைக்க இடமுண்டு.

"வாற மாசம் பதினெட்டாம் திகதி செய்வம். அதுவரைக்கும் இடது காலில பாரம் போடக் கூடாது. ரெண்டு ஊன்றுகோலும் வேணும். கடலுக்கு இனி ஏலாது. அந்த உருண்டை இப்ப இளகிப் போய் இருக்கு, விளங்குதோ? ஒருக்கா அமுங்கினா நான் துளை போட்டும் வேலையில்ல."

"கடலுக்குள்ள நோகிறேல்லயே டொக்டர்," என்றான் கிருஷாந்தன்.

"தண்ணிக்குள்ள உங்கட பாரம் எலும்பில விழாது. அதுதான். சுகமாகுது எண்டு அர்த்தமில்ல."

அன்றிலிருந்து கஜந்தினி வீட்டுக்குள் பொலிஸ்காரியாகிவிட்டாள். ஊன்றுகோல் இல்லாமல் குசினி வரைக்கும் போனாலும் சத்தம் போடுவாள். குந்தி இருக்கக் கூடாது என்றபடியால், பக்கத்து வீட்டு இராகுலன் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டிக் கக்கூசுக்குள் வைத்துக் கொடுத்தான். இராகுலன்தான் கிருஷாந்தன் கடலுக்குப் போகிற போட்டின் சொந்தக்காரன். நாலு வயது மகள் தன்விகா அப்பாவின் மடியில் ஏறக் கூடாது என்பது அடுத்த சட்டம். இடது பக்கம் பதினெட்டாம் திகதி வரைக்கும் முழுசாக இருந்தால் போதும், கஜந்தினிக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

நாலாவது கிழமை வலி கூடியது. மாத்திரை ஒரு மணித்தியாலத்துக்குக் கூடத் தாங்கவில்லை. ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், பிறகு தலையணையைக் கடித்தான். ஒரு மத்தியானம் கஜந்தினி சோற்றுக் கோப்பையோடு அறைக்குள் போனபோது, அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்து சின்னப் பிள்ளை மாதிரி விம்மிக்கொண்டிருந்தான். கலியாணம் முடித்து ஏழு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. தாய் செத்த அன்றுகூட வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.

"கஜா, ஒரு அரை மணித்தியாலம். கீழ போய்ச் சும்மா நிண்டிட்டு வாறன். ஒண்டும் பொறுக்க மாட்டன். என்னால ஏலாமக் கிடக்கு."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. டொக்டர் சொன்னது மறந்து போச்சே?"

அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்று அவளும் அழுதாள். அவளும் சுழியோடியின் மகள்தான். மூட்டு நோகிறது என்று அவளுடைய அப்பா எத்தனை தரம் திரும்ப இறங்கி, சிரித்துக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார்! எக்ஸ்றேயில் காட்டிய வெள்ளையும் கறுப்பும் அவளுக்கு விளங்கவில்லை, அப்பாவின் சிரிப்பு விளங்கியது. பதினெட்டாம் திகதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் அவன் இப்படிக் கிடந்து துடிக்க, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பு இல்லை. தொலைபேசியை எடுத்து இராகுலனைக் கூப்பிட்டது அவள்தான்.

"அண்ணை, இவரை ஒருக்காக் கடலுக்குள்ள இறக்கி எடுப்பீங்களோ? அஞ்சாறு பாகம் போனாக் காணும். நீங்களும் கூடவே நிக்கோணும்."

அடுத்த நாள் காலையில் இரண்டு பேர் அவனைக் கதிரையோடு தூக்கி இராகுலனின் போட்டில் ஏற்றினார்கள். கஜந்தினி தன்விகாவைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். ஊன்றுகோல் இரண்டும் அவளுடைய கையில் இருந்தன. தூரத்தில் போட் நின்றது, எஞ்சின் சத்தம் அடங்கியது. ஊர்க்கோயில் அம்மாளாச்சிக்கு நேர்ந்தாள், டொக்டரம்மாவை நினைத்து மனசுக்குள் மன்னிப்பும் கேட்டாள்.

போட் திரும்பி வந்தபோது கிருஷாந்தன் முன்பக்க அணியத்தில் எழும்பி நின்றான். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த முகத்தை அவள் இரண்டு வருடமாகக் காணவில்லை. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று, நான் செய்தது சரிதான் என்று நினைத்தாள்.

"கஜா, ஒண்டும் இல்லயடி! துப்பரவா விட்டிட்டுது!"

போட் மணலில் தட்டியதுதான் தாமதம், இராகுலன் எட்டிப் பிடிப்பதற்குள் அவன் குதித்துவிட்டான். ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு அவள் ஓடினாள். அதை அவன் கண்டுகொள்ளவே இல்லை. நாலைந்து எட்டு நடந்து வந்து, ஓடி வந்த தன்விகாவைத் தூக்கித் தோளில் வைத்தான். பிள்ளை கீச்சிட்டுச் சிரித்தது. அடுத்த எட்டில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, பக்கத்தில் நின்ற கஜந்தினிக்கு மட்டும்தான் கேட்டது. பிள்ளையை விழவிடாமல் மெல்ல இறக்கி வைத்துவிட்டு, அவன் மணலில் சரிந்து இருந்துவிட்டான்.

கிளினிக்கில் புது எக்ஸ்றேயைப் பார்த்ததும் டொக்டரம்மாவின் முகம் மாறியது.

"விழுந்தனீங்களோ?"

"ஓம் டொக்டர், பாத்ரூமுக்க வழுக்கிப் போட்டுது," என்றான் கிருஷாந்தன். அவன் கஜந்தினியின் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவன் கொடுத்த பொய் நல்ல பொய்தான். அதற்குள் ஒளிந்துகொண்டு காலம் முழுக்க இருக்கலாம். ஆனால் அவளால் முடியவில்லை.

"பொய், டொக்டர். கடலுக்குப் போனவர். நான்தான் அனுப்பினனான்."

டொக்டரம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கவனமாக இருந்தாலும் சில பேருக்குத் தானாகவே அமுங்குவதுண்டு அம்மா, என்று தணிந்த குரலில் சொன்னார். அது இரக்கப்பட்டுச் சொன்ன சொல் என்று கஜந்தினிக்கு விளங்கியது. பிறகு டொக்டரம்மா பதினெட்டாம் திகதிப் பட்டியலை இழுத்து, கிருஷாந்தனின் பெயரில் ஒரு கோடு போட்டார். இனி இரண்டு பக்கமும் செயற்கை மூட்டுத்தான். வீட்டுக்குள்ளும் கடைத்தெருவுக்கும் நடக்கலாம். பாரம் தூக்கவோ, ஓடவோ, குந்தவோ கூடாது. இந்த வயதில் வைத்தால் பதினைந்து இருபது வருடத்தில் திரும்பவும் மாற்ற வேண்டி வரும்.

வெளியே விறாந்தையில், சக்கரக் கதிரையில் அவன் இருக்க, பின்னால் நின்று அவள் தள்ளிக்கொண்டு போனாள். வாங்கு முடிகிற இடத்தில் அவள் தள்ளுவதை நிறுத்தினாள்.

"ஏதாவது கதையுங்கோ. ஏசுங்கோ என்னை. நான்தானே உங்கட காலை முறிச்சனான்."

"நீயே முறிச்சனீ? குதிச்சது நான்."

"நான் விடாட்டிக் குதிச்சிருப்பீங்களே?"

அவன் கையைப் பின்னால் நீட்டி அவளுடைய விரலைத் தேடிப் பிடித்தான்.

"ரெண்டு வருசத்தில அந்த அரை மணித்தியாலம்தான் கஜா எனக்கு நோகேல்ல." அவனுடைய குரல் கெஞ்சியது. "இப்ப ரெண்டு பக்கமும் போயிட்டுதே, இனிக் காப்பாத்த என்ன கிடக்கு? இன்னொருக்கா விடுவியோ?"

வாங்கில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, கதிரையின் பிடியில் தலையை வைத்துக்கொண்டு கஜந்தினி குழறி அழுதாள்.