சீனியம்மாளின் கோடிச் சேலை

சீனியம்மாள் உடம்பைக் குறைத்தது ஆரோக்கியத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தன் மதினி தங்கப்பொண்ணைப் பழிவாங்கத்தான் குறைத்தாள். அறுபத்தொரு வயதில், எண்பத்தாறு கிலோ உடம்பையும் தேய்ந்துபோன இரண்டு முழங்கால்களையும் வைத்துக்கொண்டு ஒருத்தி வேறு எப்படித்தான் பழிவாங்க முடியும்?

விஷயம் ஆரம்பித்தது எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணியில். உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் அவள் பிறந்த ஊரில், அண்ணன் உக்கிரபாண்டியின் பேரனுக்குக் காதுகுத்து. பசுமலையிலிருந்து புருஷன் சோணையோடு பஸ்ஸில் போய் மெயின் ரோட்டில் இறங்கினாள். அங்கிருந்து ஊருக்குள் ஒன்றரை மைல். நடக்க முடியாது என்று தெரிந்து அண்ணன் மாட்டுவண்டி அனுப்பியிருந்தான். அந்த வண்டியில் அவளை ஏற்றுவதற்குள் சோணைக்கு மூச்சு முட்டிவிட்டது.

பந்தியில் ஆசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இலை எடுத்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள். ஒரு கையை ஊன்றினாள், மறு கையை ஊன்றினாள், முழங்கால் இரண்டும் மடங்கின இடத்திலேயே பூட்டிக்கொண்டன. கடைசியில் சமையல்காரர்கள் இரண்டு பேர் வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். தூக்கின தூக்கில் ரவிக்கை தையல்விட்டது. அம்புட்டு சனமும் பார்த்தது.

அப்போதுதான் அண்ணன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள். "எங்க நாத்தனாளுக்குப் போன தீவாளிக்கே கோடி எடுத்து வச்சுட்டேன்டி. ஒத்தச் சேலை எங்கிட்டுப் பத்தும்? ரெண்டா எடுத்திருக்கேன், சேத்துத் தச்சுப் போட்டுறலாம்!"

பந்தலே சிரித்தது. கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரும். அந்தக் கோடி மேலே விழுந்த பிறகுதான் அவளைத் தூக்குவார்கள். அதைத்தான் மதினி முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். பேச்சுக்குச் சொன்னதாகவும் விடவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பச்சை உடம்பும் சிவப்புக் கரையுமாக இரண்டு கண்டாங்கிச் சேலைகளை எடுத்துவந்து பொம்பளைகளுக்கு விரித்தும் காட்டினாள். உக்கிரபாண்டி நாலடி தள்ளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சீனியம்மாள் அழவில்லை. செக்கானூரணி தாண்டியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்தச் சேலைய அவ கையாலயே வாங்காம நான் சாக மாட்டேன். ஒரு பய என்னயத் தூக்கிவிடக் கூடாது. வண்டியும் வேணாம். ரோட்டுலருந்து எங்கால்லயே நடந்து போயி, அவ வாசல்ல நின்னு, உசுரோட வாங்கி மேல போட்டுக் காமிக்கிறேன்."

"அது சாவுத்துணிடி" என்றார் சோணை. மில்லில் முப்பது வருஷம் தறிச்சத்தத்தில் நின்று ரிட்டையர் ஆனவர். எந்தச் சத்தத்துக்கும் பதறாத மனுஷன். அன்றைக்குக் கொஞ்சம் பதறினார்.

"சாவு யாருக்கு வருதுன்னு பாப்போம்."

பசுமலை ரோட்டில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் சூடாமணி முழங்காலை அமுக்கி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். எடை மிஷினில் ஏறச் சொன்னாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துச் சீனியம்மாளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. உங்களுக்கு அது தேஞ்சுபோச்சு. தேஞ்சது வளராது. ஆனா பாரத்தக் குறைக்கலாம். ஒரு கிலோ குறைஞ்சா நடக்கும்போது முழங்காலுக்கு மூணு நாலு கிலோ குறைஞ்ச மாதிரி."

"எத்தன நாள்ல குறையும்?"

"பதினஞ்சு கிலோ குறையணும். மாசம் ஒரு கிலோ குறைஞ்சா போதும். அவசரப்படக் கூடாது."

சீனியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகும். அதற்குள் தங்கப்பொண்ணு செத்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் முதலில் வந்தது.

அந்தக் கவலையில் மறுநாள் காலையிலேயே வீம்பாகத் திருப்பரங்குன்றம் வரைக்கும் நடந்தாள். போனாள், சரி. வர முடியவில்லை. ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முழங்கால் பூசணிக்காய் கணக்கில் வீங்கி ஒரு வாரம் படுக்கை. டாக்டர் சூடாமணிக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"உங்க மதினி மேல இருக்கிற கோவத்த முழங்கால் மேல காட்டாதீங்க. அது என்ன பண்ணுச்சு உங்கள? தினம் பத்தே நிமிஷம், மட்டமான தரையில. ஒரு வாரம் வலிக்கலேன்னா ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. மறுநாளும் வலிச்சா குறைங்க. சம்மணம் போடாதீங்க, குத்தவைக்காதீங்க. மலைப்பக்கமே போகாதீங்க."

கோபக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வெட்டணும் குத்தணும் என்று ரத்தம் கொதிக்கிறபோது, பள்ளிக்கூட மைதானத்தில் பத்து நிமிஷம் பொடிநடை போய்விட்டு வீட்டுக்கு வா என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் போனாள். காலை ஐந்தரைக்கு, சோணையின் பழைய கான்வாஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு, மைதானத்தின் ஓரமாக ஒரு சுற்று. பையன்கள் பந்தடிக்க வருவதற்குள் திரும்பிவிடுவாள்.

வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். பிறகு கட்டிலில் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்துப் பத்து எண்ணும்வரை அமுக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. சோணைதான் எண்ணுவார். மனுஷனுக்கு இரக்கம் ஜாஸ்தி.

"எட்டுக்கு அடுத்து பத்தா? ஒன்பத முழுங்கிட்டீகளா?"

"கால் நடுங்குதேடி."

"நடுங்கட்டும். ஒழுங்கா எண்ணுங்க."

கொஞ்ச நாளில் அவர் எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மதினி அன்றைக்குச் சொன்னதை மனசுக்குள் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் சரியாகப் பத்து எண்ணிக்கை வருவதைச் சீனியம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். 'எங்க நாத்தனாளுக்கு' என்று காலைத் தூக்குவாள். 'தச்சுப் போட்டுறலாம்' என்று இறக்குவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. மறந்துபோக வேண்டிய வார்த்தையை இப்படி மருந்து மாதிரி வேளை தவறாமல் உள்ளே இறக்கினால் அது எங்கே மறக்கும்? கால் உறுதியாக உறுதியாக வன்மமும் உறுதியானது.

சாப்பாட்டில்தான் சண்டை பெரிது. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்ட வாய். ஒரு கரண்டிச் சோறு, இரண்டு பங்கு கீரையும் காயும், மோர் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை முதல் நாள் பார்த்தபோது சீட்டையே தின்றுவிடலாம் போல இருந்தது. சாயங்காலம் தெருமுனைக் கடையில் பருப்பு வடை வேகும் வாசனை வரும். எழுந்து போக முந்தானையைச் சரிசெய்வாள். தங்கப்பொண்ணின் பொக்கைவாய்ச் சிரிப்பு கண்ணுக்கு முன்னால் வரும். திரும்ப உட்கார்ந்துகொள்வாள். ஒரு மாசத்தில் அரைக்கிலோகூடக் குறையாமல் போன சமயமும் உண்டு. அன்றைக்கு டாக்டரையும் மிஷினையும் சேர்த்து வைதாள்.

பதினாறு மாசம். எண்பத்தாறு எழுபத்தொன்றானது. மைதானத்தை நின்று நின்று நாலு சுற்று வந்தாள். படுத்து எழுந்திருக்க யார் கையும் வேண்டியிருக்கவில்லை.

"வலி பாதிக்கு மேல குறைஞ்சிருச்சே, மதினி மேல இருந்த கோவமும் குறைஞ்சிருக்குமே?" என்று கேட்டாள் டாக்டர் சூடாமணி.

"அது தேயிற சாமான் இல்ல டாக்டரம்மா" என்றாள் சீனியம்மாள்.

எண்பத்துமூன்று தை மாசம் ஒரு காலையில் தனியாகக் கிளம்பினாள். சோணை கூட வருகிறேன் என்றார். "நீங்க வேணாம். வந்தா சமாதானம் பேசுவீக" என்று சொல்லிவிட்டாள்.

மெயின் ரோட்டில் இறங்கி ஊர்ப்பாதையில் நடந்தாள். வழியில் இரண்டு வாய்க்கால் பாலங்களில் டாக்டர் சொன்னபடி உட்கார்ந்து எழுந்தாள். கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "உக்கிரபாண்டி தங்கச்சியா அது? நடந்தா வருது?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தபோது, பதினாறு மாசம் தின்னாத வடையெல்லாம் ஒரே வாயில் தின்றதுபோல் இருந்தது.

தங்கப்பொண்ணு வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவளுக்கு ஆள் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஏத்தா, இப்பிடி எளச்சுப் போயிட்ட? சக்கர நோவா?"

"நோவு ஒண்ணுமில்ல மதினி. எங்கோடிய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்னது?"

"நீ எடுத்து வச்சிருக்கேல்ல, பச்சக் கண்டாங்கி. அதக் குடு."

மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டி துண்டை உதறிக்கொண்டு வந்தான். தங்கச்சியின் காலைத்தான் முதலில் பார்த்தான். "நடந்தா வந்த தாயி?" என்று கேட்ட முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சீனியம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் மதினியை விட்டு நகரவில்லை.

"அது சும்மா கேலிக்குச் சொன்னதுத்தா" என்றாள் தங்கப்பொண்ணு.

"கேலிக்கு எடுத்ததத்தான் கேக்குறேன். ஊரக் கூட்டிக் காமிச்சயே, இப்பவும் கூட்டு."

கூட்ட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி ஏற்கனவே சுவரோரம் நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். வேறு வழி இல்லாமல் தங்கப்பொண்ணு உள்ளே போய் இரண்டு சேலைகளையும் எடுத்துவந்தாள். சீனியம்மாள் ஒன்றை உருவி, மடிப்பை உதறி, கட்டியிருந்த சேலைக்கு மேலே தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். தாராளமாகவே இருந்தது.

"எனக்கு இந்த ஒண்ணே போதும். இன்னொண்ண நீயே வச்சுக்க மதினி. ஒனக்கு ஆகும்."

தங்கப்பொண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மிளகாய்மேல் கால் வைத்தது தெரியாமல் பின்னால் நகர்ந்தாள். இதற்காகத்தான், இந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான் அத்தனை நாள் நடையும். சீனியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். உக்கிரபாண்டி மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வேட்டி துண்டோடு, குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். இழவு கேட்டவர்கள் குளிக்கிற குளியல்.

"என்னண்ணே இது?"

அவன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். "கோடி வாங்கிட்டயே தாயி."

"மதினி அன்னைக்கு என்னயச் சொல்லிச் சிரிச்சப்ப ஒங்க வாய் எங்க போச்சு?"

"தப்புத்தான். அதுக்கு நீ என்னய நாலு வார்த்த வஞ்சிருக்கலாம். செத்துல்ல காமிச்சிட்ட? நான் மூத்தவன். எனக்கு முன்னாடி நீ போயிறக் கூடாதுன்னு சாமி கும்பிட்டுக்கிட்டுக் கெடந்தேன். நான் போனா, கூடப் பொறந்தவ ஒருத்தி தலமாட்டுல ஒக்காந்து அழுவான்னு இருந்தேன். பொறந்த வீட்டுக் கடைசிச் சீர வாங்கினவ எந்திரிச்சு வந்து அழுவாளா?"

சீனியம்மாள் பதினாறு மாசம் யோசித்த யோசனையில் அண்ணன் எந்த இடத்திலும் வரவில்லை. அவசர அவசரமாகத் தோளிலிருந்து சேலையை இழுத்தாள். "இந்தா, எடுத்துட்டேண்ணே. இந்தா பாருங்க."

"விழுந்த கோடிய எடுக்கக் கூடாதுத்தா" என்றாள் செல்லக்கிளி மெதுவாக. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கப்பொண்ணு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை இப்போது சீனியம்மாளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவள் எப்போது வந்துவிட்டுப் போனாலும் உக்கிரபாண்டி கூடவே நடந்து ரோடு வரைக்கும் வருவான். பஸ் நகர்ந்து மறையும்வரை நிற்பான். இன்றைக்கு ஈரத்தோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். "வாரேண்ணே" என்று சொல்ல வாயெடுத்தாள். இழவு வீட்டிலிருந்து யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வாயை மூடிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

வரும்போது இரண்டு பாலத்தில் உட்கார்ந்தவள் திரும்பும்போது எங்கும் உட்காரவில்லை. ஒன்றரை மைலும் வெயிலில் ஒரே நடையாக நடந்தாள். முழங்கால் துளிகூட வலிக்கவில்லை. பாழாய்ப்போன முழங்கால், இன்றைக்கு ஒருநாளாவது வலித்து அவளை அந்த வாசலுக்குப் போகவிடாமல் தடுத்திருக்கக் கூடாதா என்று அழுதுகொண்டே நடந்தாள்.