கையுறையின் உயரம்

துபாய் அணியில் நல்ல எறிவாளர்களுக்குக் குறைவில்லை. கஜந்தியின் சிக்கலே அதுதான். பேஸ்பாலில் மட்டை பிடிப்பவர்கள் கைதட்டல் வாங்கிப் போவார்கள். ஆட்டத்தைத் தாங்கி நிற்பவர் என்னவோ மண்மேட்டில் நின்று பந்தை எறிபவர்தான். அந்தப் பருவத்தில் அவளுடைய அணியின் எறிவரிசை அநேகமாக நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு, அல் ஐனில் ஆடும் இளநிலை அணியிலிருந்து ஒரு பெயரை அவள் சொல்லியாக வேண்டும். ஆட்டங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவள் உத்தியோகம்.

இருவர் இருந்தார்கள். துஷாந்தன் வடமராட்சிக்காரன், துபாயின் தேரா பகுதியில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். பெரிய வேகமில்லை, ஆனால் சொன்ன இடத்தில் பந்தைப் போடுவான். மற்றவன் மணிகண்டன், முதுகுளத்தூர்ப் பக்கம். முவைலாவில் ஒரு கிடங்கில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தவனை, தொழிலாளர் கேம்ப் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது எல்லைக்கோட்டிலிருந்து அவன் எறிந்த எறியைப் பார்த்துத்தான் அழைத்து வந்தார்கள். மேல் அணியில் இடம் கிடைத்தால் விசா அணியின் பெயருக்கு மாறும். எறிவதே அவன் டியூட்டி ஆகும். கிடைக்காவிட்டால் பருவம் முடிந்ததும் கிடங்குக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மணிகண்டனிடம் இரண்டு விதப் பந்துகள் இருந்தன. ஒன்று வேகப் பந்து. மற்றது அதே கைவீச்சில் புறப்பட்டு, பாதி வழியில் மனம் மாறியதுபோல மெதுவாக வருவது. பயிற்சியில் அந்த மெதுப் பந்துக்கு மேல் அணிக்காரர்களே காற்றை வெட்டிவிட்டு அசடு வழிந்தார்கள். ராஸ் அல் கைமா அணியோடு ஆடும்போது மட்டும் அதே பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. கை களைத்துவிடுகிறது என்று முதலில் கஜந்தி நினைத்தாள். களைத்த கையானால் வேகப் பந்தும் தளர வேண்டும், அது தளரவில்லை. அந்த முரண் அவளை விடவில்லை.

அந்த அணியோடு மறுபடியும் ஆடிய ஞாயிற்றுக்கிழமை மாலை, வலைக்குப் பின்னால் அமர்ந்து எறிபவனை விட்டுவிட்டு அடிப்பவர்களை மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்தாள். சிறிது நேரத்திலேயே விசித்திரம் பிடிபட்டது. மெதுப் பந்து வரும் ஒவ்வொரு முறையும், அது மணிகண்டனின் கையைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அடிப்பவர் பின்காலில் பாரத்தை இறக்கிக் காத்திருந்தார். கேள்வி கேட்கப்படும் முன்பே பதில் தயாராக இருந்தது. அப்படியானால் கேள்வி எங்கோ கசிகிறது.

இப்போது எறிபவன் பக்கம் திரும்பி, தானே ஊகித்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோளிலும் இல்லை. பிறகு கையுறையைக் கண்டாள். பந்தை உள்ளே மறைத்துக்கொண்டு இரு கைகளையும் முகத்துக்கு நேரே கொண்டுவருவது அவன் வழக்கம். வேகப் பந்தென்றால் கையுறை புருவம்வரை ஏறித் தலை சற்றே குனிந்தது. மெதுப் பந்தென்றால் மோவாயோடு நின்றது. அதன்பிறகு அவளுடைய ஊகம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இத இத்தன நாளா யாருமே பாக்கலையா?” என்றார் இளநிலை அணியின் பயிற்சியாளர் ஆரிப். கீழக்கரைக்காரர், சென்னையில் கல்லூரி அணிக்கு ஆடியவர். “நான் ஏதோ ஸ்டைலுன்னுல்ல நெனச்சேன்.”

“பந்தைப் பிடிக்கிறவருக்கு என்ன வரப்போகுதெண்டு முதலே தெரியும். தெரிஞ்சவர் தேடமாட்டார்தானே” என்றாள் கஜந்தி. “ஆனா மணிகண்டன் ஏன் இப்பிடிச் செய்யிறார் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

ஆட்டம் தோல்வியில் முடிந்திருந்தது. தண்ணீர்க் குளிரியின் அருகே மணிகண்டன் தோளில் பனிக்கட்டிப் பையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துஷாந்தன் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“கோவிக்காதேங்கோ, ஒண்டு கேக்கிறன்” என்று தொடங்கினாள். “வேகமா எறியேக்க மட்டும் கையுறையை நெத்திக்குக் கொண்டுபோறியள். மற்றதுக்கு இல்லை. ஏன்?”

மணிகண்டன் விழித்தான். பிறகு காதோரம் சிவந்தது. “அப்படியா பண்றேன்? பந்தக் கண்ணுல ஒத்திக்குவேன் மேடம். கருப்பசாமிய நெனச்சுக்கிட்டு.”

“மற்றதுக்கு?”

“அது ஏமாத்துற பந்துல்ல.” குரல் தணிந்தது. “அதுக்குப் போயி சாமியக் கூட்டுச் சேக்க முடியுமா?”

துஷாந்தன் சிரித்துவிட்டான். “சாமிக்கே தெரியாமல் எறியிறியோடா? ராஸ் அல் கைமாக்காரருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே.”

கஜந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இதுவரை ஆராய்ந்த தவறுகள் எல்லாம் முழங்கையிலோ இடுப்பிலோ பாதத்திலோ இருந்தவை. ஒரு மனிதனின் நேர்மை கையுறையைச் சிறிது தாழ்த்தும் என்பதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னாலேயே வந்து நின்ற ஆரிப் தொடையைத் தட்டினார். “கலாஸ், விஷயம் முடிஞ்சுது. அடுத்த வாரமும் அவனுங்களோடதான் ஆட்டம். நெத்தில வெச்சுக் காட்டிட்டு மெதுவா வுடு. மொத்தப் பேரும் கவுந்துருவானுங்க.”

“அது மாட்டேன் அண்ணே.”

“ஏம்ப்பா, வெளையாட்டுல ஏமாத்துறதுல என்ன இருக்கு?”

“ஏமாத்துறது வேற. கபடில எடது பக்கம் போற மாதிரி காட்டிட்டு வலது பக்கம் தொட்டிருக்கேன். அது என் காலு. இது சாமி. சாமியக் காட்டி ஏமாத்துனா பொய்ச் சத்தியம் பண்ண மாதிரி.”

கஜந்தி இடைமறித்தாள். “அப்ப ரெண்டுக்கும் உண்மையாவே ஒத்திக்கொள்ளுங்கோ. உங்கட கபடிக் கால் மாதிரித்தான் அந்த மெதுப் பந்தும். விளையாட்டில ஒரு பகுதி. ரெண்டுக்கும் கும்பிட்டா அதில பொய் எங்க இருக்கு?”

மணிகண்டன் பனிக்கட்டிப் பையை மறு தோளுக்கு மாற்றினான். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. “மொத தடவ ஒத்திட்டு மெதுவா வுட்டேன்னு வைங்க. எதுக்க நிக்கிறவன் வேகம்னு நம்பித்தான மட்டையச் சொழட்டுவான்? அவன் நம்புறது என் கும்புடத்தான. நான் மனசுல என்ன நெனச்சா என்ன?”

ஓர் அடையாளம் அதைக் காட்டுபவனுக்கு மட்டும் சொந்தமில்லை, வாசிப்பவனும் அதில் பங்காளி என்பதை இவ்வளவு எளிமையாக யாரும் கஜந்திக்குச் சொன்னதில்லை.

“அப்ப ரெண்டையும் ஒத்தாமல் எறியப் போறியோ?” என்றான் துஷாந்தன். “ஒத்தாமல் வேகமா விட்டாலும் அவங்கள் ஏமாறுவாங்கள்தானே.”

“நான் பாட்டுக்குச் சும்மா நிக்கிறேன். அதப் பாத்து அவனா ஒண்ணு நெனச்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ண?” என்ற மணிகண்டன், கையிலிருந்த பந்தைத் திருப்பிப் பார்த்தான். “ஆனா வேகப் பந்த ஒத்திக்காம எறிஞ்சதே இல்ல மேடம். வருமான்னு தெரியல.”

அடுத்த ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் பெயரை அனுப்ப வேண்டும் என்று துபாய் அணியின் தலைமைப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்த ஆட்டத்தில் துஷாந்தன் தன் முறையில் குறையின்றி எறிந்துவிட்டுப் போனான். அவன் பெயரை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் துபாய்க்குத் திரும்பலாம். ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் பந்தைக் கண்ணில் ஒற்றாத அந்தக் கை என்ன செய்யும் என்று அறியாமல் அவளால் எழுந்து போக முடியவில்லை.

கடைசிச் சுற்றில், ஓர் ஓட்டம் முன்னிலையோடு, மணிகண்டன் மேட்டில் ஏறினான். கையுறை மார்போடு நின்றது. முதல் வேகப் பந்து பிடிப்பவரின் தலைக்கு மேலே போய் வலையில் மோதியது. அடுத்தது தரையைக் குத்தியது. நான்கு பந்துகள் விலகிப் போனதால், முதல் ஆள் மட்டையை அசைக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்தார். அடுத்த ஆளுக்கும் அப்படியே. மூன்றாமவருக்குக் கை சற்றுச் சொன்னபடி கேட்டது: மெதுப் பந்தென்று பின்காலில் காத்திருந்தவரை வேகப் பந்து மூன்று முறை கடந்து போக, அவர் ஆட்டமிழந்து திரும்பி நடக்கும்போது தம் அணியினரைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். நான்காமவரும் அப்படியே வீழ்ந்தார். எதிரணி வரிசையில் ஒரு சலசலப்பு. குறி செத்துவிட்டது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஐந்தாமவருக்கு மறுபடியும் பந்துகள் விலகிப் போயின. இப்போது மூன்று தளங்களிலும் ஆட்கள். இன்னும் ஒருவரை வீழ்த்தினால் வெற்றி. ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் போயிற்று.

வந்தவர் சென்ற வாரம் வேலிக்கு வெளியே அடித்தவர். இரண்டு வேகப் பந்துகளை வெட்டிப் பக்கவாட்டில் வெளியே தள்ளினார்; இன்னொன்றைத் தவறவிட்டால் அவர் வீழ்வார். ஓரத்தில் நின்ற ஆரிப், யாரும் பார்க்காததுபோலத் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கட்டத்தில் அப்படிச் செய்தால் பலிக்கும் என்பது கஜந்திக்கும் தெரிந்தது. பழைய குறியை மீண்டும் கண்டால் அடிப்பவர் அதை நம்பிப் பாய்வார். மணிகண்டனும் ஆரிப்பின் சைகையைப் பார்த்தான். சட்டைக் கையால் கண்ணிலிருந்த வியர்வையைத் துடைத்தான். கையுறை உயர்ந்தது, மார்பில் நின்றது. அங்கேயே இருந்தது.

அடிப்பவர் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வாசிக்க ஒன்றுமில்லை. முழு வீச்சில் கை சுழன்றது. அவர் மட்டை பாய்ந்தது. பந்து மட்டும் அவசரமில்லாமல், வெறுங்காற்று வெட்டப்பட்ட பிறகு, பிடிப்பவரின் கைக்குள் வந்து விழுந்தது.

கஜந்தி கைபேசியில் பெயரைத் தட்டி அனுப்பினாள். ஒரு நிமிடத்தில், ஆட்டக் கணக்கைப் பார்த்த தலைமைப் பயிற்சியாளரிடமிருந்து கேள்வி வந்தது: மூவரை நடக்கவிட்டவனையா சொல்கிறாய்? மற்றவன் ஒருவரைக்கூட விடவில்லையே?

அவள் களத்துக்குள் நடந்து, மேட்டின் விளிம்பில் குந்தியிருந்த மணிகண்டனிடம் போனாள்.

“பயந்திட்டியளோ?”

“பயம்தான் மேடம். மொத மொதல்ல பந்து வெறும் பந்தா இருந்துச்சு. எங்க பிடிக்கணும்னே தெரியல.” பந்தை விரல்களில் உருட்டினான். “போகப் போகக் கொஞ்சம் தெரிஞ்சுது.”

“எந்தப் பந்தில?”

“நாலாவது ஆளுக்குன்னு நெனக்கிறேன். இன்னொருக்கா எறிஞ்சு பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

அவள் நின்றபடியே பதிலை எழுதினாள்: ‘இவன் இன்றுதான் எறியத் தொடங்கியிருக்கிறான். என்னவாக வருவான் என்று எனக்குத் தெரியாது. துஷாந்தன் என்னவாக வருவான் என்பது எனக்கு இப்போதே தெரியும்.’